ஓடைக்கு இரண்டு எம்.எல்.ஏ.க்கள்

எங்கள் தொகுதியில் ஜெயித்த அத்தனை எம்.எல்.ஏ.க்களும் என் தோளில் கைபோட்டுப் பேசியவர்கள். டீக்கடையில் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். பொய். ஒரே ஒருவர்தான் கைபோட்டார், அதுவும் பாசத்தால் இல்லை. ஓடைச் சேற்றில் வழுக்கி விழப் போனவருக்கு அந்த நேரத்தில் எட்டுகிற தூரத்தில் இருந்தது என் தோள்தான். பிடித்து நிமிர்ந்து, வேட்டியைத் தூக்கிக்கொண்டு கரையேறி, "அடுத்த மழைக்குள்ள இங்க பாலம் வந்துரும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். என் சட்டையில் ஐந்து விரலும் சேறாகப் பதிந்து நின்றது. வீட்டுக்கு வந்து நான் சட்டையைக் கழற்றப் போனபோது அண்ணன் சொன்னார்: "ஏலே, அதத் துவைச்சிராத. தொகுதி நிதி அம்புட்டும் அதுலதான் ஒட்டியிருக்கு." தெருவே சிரித்தது. எங்கள் வீட்டில் நக்கல் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம். அண்ணனுக்கு எங்கே சிரிக்க வைக்கலாம், எங்கே கூடாது என்று தெரியும். எனக்கு வாயைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியாது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் பாடம் படிக்கப் போனதைவிட ஓட்டுப் போடப் போனதுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் அண்ணன் மகள். காலேஜ் முடித்தவள். என் பேச்சைப் புடைத்து, கல்லையும் உமியையும் ஒதுக்கிவிட்டுத்தான் தாளில் இறக்குகிறாள். தொகுதி எல்லைகளை மறுபடியும் மாற்றி வரையப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. எங்கள் ஓடையின் இரண்டு கரையையும் ஒரே தொகுதியில் சேர்க்கச் சொல்லி ஊர் ஒரு மனு தயார் செய்கிறது. மனுவோடு வைக்க, ஓடைக்கு யார் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று இரண்டு பக்கம் வேண்டுமாம். என்னிடம் கேட்டால் இரண்டு பக்கத்தில் நிற்குமா?

எங்கள் ஊர் ஓடைக்கு இந்தப் பக்கம். பயராபீஸ்கள் அந்தப் பக்கம். பட்டாசு ஆலையை நாங்கள் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். ஆபீசுக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது? எங்கள் அய்யா காலத்தில் மல்லாங்கிணறு, காரியாபட்டி வரை நடந்துபோய் அடுத்தவர் காட்டில் களையெடுத்தார்கள், கதிரறுத்தார்கள். நாங்கள் ஓடையைத் தாண்டினோம். வருடத்தில் பத்து மாதம் அது ஓடையே இல்லை, மணல் பாதைதான். செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம். ஐப்பசியில் மேற்கே மலையில் மழை பெய்தால் மட்டும் அதற்குத் தான் ஓடை என்று நினைப்பு வரும். அதிலும் ஒரு வம்பு. மலையில் இரவு பெய்த மழை எங்களிடம் மறுநாள் மத்தியானம்தான் வந்து சேரும். காலையில் காய்ந்த மணலில் நடந்து வேலைக்குப் போனவன், சாயங்காலம் கழுத்தளவுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அந்தக் கரையில் உட்கார்ந்திருப்பான். ஐப்பசி என்றால் தீபாவளி சீசன், வேலை தலைக்கு மேல் இருக்கிற மாதம். ஓடையைச் சுற்றிக்கொண்டு வர ரோடு இருக்கிறது. வண்டியில் வந்தாலும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஆஸ்பத்திரியோ எங்கள் கரையில், ஊரைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில்.

ஆகவே எங்கள் ஊர் எம்.எல்.ஏ.க்களை அவர்களுடைய கட்சியை வைத்து ஞாபகம் வைத்ததில்லை. ஓடைக்கு வந்து என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான். என் தோளைப் பிடித்தவர் சேத்து எம்.எல்.ஏ. அவரைத் தோற்கடித்து வந்தவர் கல்லு எம்.எல்.ஏ. அவர் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். பளபளவென்று கறுப்புக் கல், அதில் தங்க எழுத்து. பாலம் வராததால் பெண்கள் அதில் துணி துவைத்தார்கள். தேய்த்துத் தேய்த்து அவர் பெயர் போய், தலைமை தாங்கியவர் பெயர் போய், கடைசியில் 'அவர்களால்' என்ற ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு பேர் ஓடைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் மூத்த வராதவர், இளைய வராதவர். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. கோர்ட்டு வாசலில் நிற்க எனக்குக் காலில் தெம்பு கிடையாது. ஊரில் வருடக் கணக்கே இப்படித்தான் ஓடியது. "கல்லு வச்ச மறுவாரம் எனக்குக் கல்யாணம். இளைய வராதவரு காலத்துல இவ பொறந்தா" என்று மதினி, அண்ணனின் மனைவி, சொல்லுவார். 'இவள்' என்பது இதை எழுதிக்கொண்டிருப்பவள்.

கடைசியாக ஒரு நல்லவர் வந்தார், டேப்பு எம்.எல்.ஏ. அவர் பேச்சே பேசவில்லை. நீள டேப்போடு நாலு ஆட்களை அனுப்பினார். அவர்கள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அளந்து, இரண்டு பக்கமும் பாறையில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் அன்று சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, அம்புக்குறியிலிருந்து அம்புக்குறிக்கு நேர்கோட்டில் நடந்தே வந்தார். "பாலத்து மேலதான்டா வாரேன்" என்றார் என்னிடம். சிரிக்காமல் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் தொகுதிகளை மாற்றி வரைகிறார்கள் என்ற சேதி வந்தது. வரைகிறவர்களுக்கு ஏதாவது ஒரு கோடு வேண்டும். தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஓடை ஒரு கோடுதானே. எங்கள் கரை ஒரு தொகுதி, பயராபீஸ் கரை இன்னொரு தொகுதி என்று உத்தேசப் பட்டியல் வந்திருந்தது. ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்றும் இருந்தது. எட்டாவது வரை படித்த அண்ணன் பேப்பரில் அதை இரண்டு தடவை வாசித்தார். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மனு எழுதி, ஞாயிற்றுக்கிழமை கருப்பசாமி கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார்.

"பாலம்னா ரெண்டு கரையிலயும் கால் வைக்கணும். ஒரு காலு ஒரு தொகுதி, இன்னொரு காலு வேற தொகுதின்னு ஆயிப்போச்சுன்னா கட்டுறதுக்கு ஆளு இருக்காது. நாளைக்கு எல்லாரும் சூலக்கரைக்குப் போயி, கலெக்டர் ஆபீசுல இந்த மனுவக் குடுத்துருவோம். ஒருநாள் வேலை போனாப் போகட்டும்" என்றார்.

சீசன். ஒருநாள் வேலை என்றதும் கூட்டம் தரையைப் பார்த்தது. அங்கேதான் நான் மைக்கைப் பிடித்தேன். என் தொழிலைச் சொல்ல மறந்துவிட்டேன். பயராபீசில் திரி சொருகுகிறவன் நான். தேர்தல் வந்துவிட்டால் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போகிறவன். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவேன். காலையில் ஒருவரைத் திட்டி, சாயங்காலம் அவரையே வாழ்த்தி, நடுவில் இரண்டு கட்சிச் சாப்பாடும் சாப்பிட்டிருக்கிறேன். நான் மைக்கைத் தொட்டாலே ஊர் சிரிக்கத் தயாராகிவிடும். அந்தத் திமிர் எனக்கு.

"ஏன்யா பேயறைஞ்ச மாதிரி இருக்கீக? சீசனுக்கு ரெண்டு கம்பெனியில பேரு குடுத்து, தீபாவளிக்கு ரெண்டு போனஸ் வாங்குறமா இல்லையா? அதே கததான் இதுவும். ஒத்த எம்மெல்லே வச்சிருந்ததாலதான் வராமயே காலத்த ஓட்டுனாக. ரெண்டு எம்மெல்லே இருந்தா, அவரு முந்துவாரா இவரு முந்துவாரான்னு போட்டி வந்துரும். ஓடைக்கு ரெண்டு போனஸ்யா!"

கோயில் மரத்தடி குலுங்கியது. ஒரு பெரியவர் எழுந்து, "ஏலே, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பாலம் கட்டிட்டா எதுலடா போறது?" என்றார்.

"போகையில ஒண்ணு, வாரையில ஒண்ணு, பெரிப்பா!"

பெண்கள் பக்கத்திலிருந்து மதினி எழுந்து நின்றார். அதிகம் பேசுகிறவர் இல்லை. "நம்ம தெருவுல ரெண்டு வீட்டுக்கு நடுவுல பொதுச்சுவரு இடிஞ்சு மூணு வருசமாக் கெடக்கு. ரெண்டு வீட்டுக்காரகளும் இங்கனதான் உக்காந்திருக்கீக. எவுக கட்டுனீக?"

அந்த இரண்டு பேரும் தலையைத் தொங்கப் போட்டார்கள். கூட்டம் ஒரு நொடி அடங்கியது. அந்த நொடியை அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. "சுவரு இல்லாததால காத்து நல்லா வருதாம் மதினி!" என்றேன். அவ்வளவுதான். சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் எல்லாரும் இரண்டு கம்பெனி வேலைக்குப் போனோம். அண்ணன் மட்டும் நாலு கையெழுத்தோடு சூலக்கரைக்குப் போனார். அங்கே மரியாதையாகத்தான் நடத்தினார்களாம். வாங்கிப் பார்த்துவிட்டு, "ஊர்ல மத்தவங்களுக்கு ஆட்சேபம் இல்லையா?" என்று கேட்டார்களாம். என்ன பதில் சொன்னீர்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

கோடு விழுந்தது. டேப்பு எம்.எல்.ஏ.வின் பழைய தொகுதியே காணாமல் போனது. அவரும் போனார். அடுத்த தேர்தலில் இரண்டு கரையிலும் எனக்கு மைக் வேலை. வாழ்க்கையில் அவ்வளவு பிரியாணி நான் சாப்பிட்டதில்லை. ஜெயித்த இரண்டு பேரும் எதிரெதிர் கட்சி. மதினியும் அண்ணனும் முதலில் எங்கள் கரைக்காரரைப் பார்க்கப் போனார்கள். வாய்ச்சவடாலுக்கு ஆள் வேண்டுமே என்று என்னையும் கூட்டிப் போனார்கள். அவர் நல்லபடியாகத்தான் பேசினார். "அம்மா, என் நிதிய என் தொகுதிக்குள்ளதான் செலவழிக்க முடியும். பாதி ஓடைக்கு மேல எனக்கு அதிகாரம் இல்ல. அவரும் நானும் சேந்து எழுதிக் குடுத்தா மேல இருந்து பணம் வரும். அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க, அடுத்த கையெழுத்து என்னுது" என்றார். அந்தக் கரைக்காரரிடம் போனோம். அவர் காகிதத்தைப் படிக்கும் முன்பே கேட்டார்: "உங்க ஓட்டு எந்தக் கரையில?"

"ஓட்டு அந்தக் கரைங்கய்யா. உசுரு இந்தக் கரையிலதான் கெடக்கு" என்றார் மதினி.

"மொதல்ல அவரு போடட்டும். நான் எதுக்கு முந்திக்கிறணும்?" என்றார் அவர். போட்டி வரும் என்று நான் சொன்னேன் அல்லவா? வந்தது. யார் பிந்துவது என்பதில் வந்தது.

எங்கள் கரைக்காரர் சும்மாவும் இருக்கவில்லை. தன் அதிகாரம் எதுவரையோ அதுவரை ஒரு சிமெண்டு ரோடு போட்டுக் கொடுத்தார். ஊரிலிருந்து நேராக ஓடைக்கு வந்து, கரையில் சரிந்து, மணலில் முடிகிற ரோடு. முடிகிற இடத்தில் அவர் படம் போட்ட போர்டு. மழைக்காலத்தில் அந்த ரோட்டைப் பார்த்தால், ஊரோடு தண்ணீருக்குள் இறங்கிப் போவதற்காகவே போட்ட மாதிரி இருக்கும். மற்ற நாட்களில் அதில் வத்தல் காயப்போட்டோம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும். முதல் நாள் இரவு மலையில் நல்ல மழை. காலையில் எங்கள் பக்கம் பளிச்சென்று வெயில். வெயிலைப் பார்த்தால் பயராபீசில் விடமாட்டார்கள், பட்டாசு மருந்து காயவைக்கிற நாள். அண்ணன் காய்ந்த மணலில் நடந்து போனார். நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருந்தேன். காய்ச்சலும் பொய்தான். மத்தியானம் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்குக்கூட அந்தச் சத்தம் எது, தீபாவளிச் சத்தம் எது என்று தெரியும். எல்லாரும் வாசலுக்கு ஓடிவந்து முதலில் புகை எந்தக் கம்பெனிப் பக்கம் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். தன் வீட்டு ஆள் வேலை செய்கிற பக்கம் இல்லை என்றால் ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சுக்காக அப்புறம் வெட்கமும் வரும். அன்று மதினிக்குப் பெருமூச்சு வரவில்லை.

நாங்கள் சிமெண்டு ரோட்டில் ஓடினோம். ரோடு முடிகிற இடத்துக்குப் போனபோது ஓடை நிறைய மலைத்தண்ணீர், செக்கச்செவேலென்று. எதிர்க் கரையில் கம்பெனி லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் அட்டைப்பெட்டிகளைத் தள்ளிவிட்டு அண்ணனைப் படுக்க வைத்திருந்தார்கள். காயம்பட்ட வேறு இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் குறுக்கு வழி இதுதான் என்று டிரைவர் பழக்கத்தில் வந்துவிட்டான். வந்து தண்ணீரைப் பார்த்தான். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் அறுபது, எழுபது அடி இருக்கும். டேப்பு வைத்து அளந்தவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். மதினி கத்தினார். தண்ணீர் இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை. நான் இறங்கப் பார்த்தேன், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். பலமாகப் பிடித்தார்கள் என்று சொல்ல ஆசைதான். பலமாகப் பிடிக்கவில்லை. நானும் பலமாக உதறவில்லை. டிரைவர் வண்டியைத் திருப்பினான். ஈர மணலில் சக்கரம் ஒரு தடவை சுற்றி நின்று, மறுபடி பிடித்தது. வண்டி வேலிக்கருவைக் காட்டுக்குள் மறைந்தது. சுற்றுப்பாதையில் பாதி தூரம் வரைக்கும் அண்ணன் பேசிக்கொண்டு வந்தாராம். என்ன பேசினார் என்று அந்த டிரைவர் என்னிடம் இன்றுவரை சொன்னதில்லை.

மறுநாள் எங்கள் கரை எம்.எல்.ஏ. எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு மாலை வைத்தார். விபத்து நடந்தது தன் தொகுதியில் என்பதால் அந்தக் கரை எம்.எல்.ஏ.வும் சுற்றுப்பாதையில் வந்து ஒரு மாலை வைத்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே பூக்கடை. நான் ஊருக்குச் சொல்லியிருந்தபடியே இரண்டு போனஸ். நெஞ்சில் இரண்டு மாலைக்கு இடம் போதாமல், ஒன்றை எடுத்துக் காலடியில் வைத்தது நான்தான்.

இந்த இடத்தில் அண்ணன் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அந்தக் கூட்டம் நடந்தபோது அவள் தொட்டிலில் கிடந்தவள். பாலம் வராமல் போனதற்கு இரண்டு எம்.எல்.ஏ.க்கள்தான் காரணம் என்று கேட்டே வளர்ந்தவள். மைக்கில் பேசியது யார் என்று இன்று நான் சொல்லும் வரை அவளுக்குத் தெரியாது. "இந்த ரெண்டு போனசையும் எழுதவா, வேண்டாமா சித்தப்பா?" என்று மட்டும் கேட்டாள். எழுது என்றேன். எழுதினாள். கையெழுத்து கொஞ்சம் கோணிப் போயிருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனை தேர்தல். எத்தனை பேர் ஜெயித்தார்கள், எத்தனை பேர் கட்சி மாறினார்கள். எங்கள் ஊர் அவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதை விட்டுவிட்டது. மதினி மட்டும் விடவில்லை. பயராபீசில் பெட்டி ஒட்டுகிற கை. விரல் இடுக்கில் பசை காய்ந்திருக்கும். அதோடு போய் இந்தக் கரையில் ஒரு கையெழுத்து வாங்குவார். அதை எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போவதற்குள் தேர்தல் வந்துவிடும். ஆள் மாறிவிடும். புது ஆளிடம் முதலிலிருந்து தொடங்குவார். இத்தனை வருடத்தில் ஒவ்வொரு வாசலுக்கும் நான் கூடப் போயிருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கட்டிக் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன். கோயில் முன்னால் நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை, குத்தலாகக்கூட ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. மறந்துவிட்டார் என்று நான் வைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதி. அண்ணன் போன நாளிலிருந்து நான் மைக்கைத் தொட்டதில்லை. தொண்டை போய்விட்டது என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். என் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அண்ணன் ஒன்று சொன்னார். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மதினியிடம்கூட. அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்து, நாலே நாலு கையெழுத்து விழுந்த மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஒரு பீடியைப் பற்றவைத்து, என் முகத்தைப் பார்க்காமல், "ஏலே, நீ பேசுனதுல..." என்று ஆரம்பித்து...

"ஏலே!"

வாசலில் மதினி. தலை வாரி, நல்ல சேலை கட்டி, புது மனுவை மஞ்சள் பையில் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறார். கருப்பசாமி கோயில் முன்னால் மைக் சோதிக்கிற சத்தம் கேட்கிறது.

"இன்னும் என்ன கத ஓடுது? கூட்டம் கூடிருச்சு, எந்திரி. நீதான் பேசணும்."

"நானா? என் தொண்டை..."

"உன் தொண்டைக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். அன்னைக்குச் சிரிச்சவுக அம்புட்டுப் பேரும் வந்து உக்காந்திருக்காக. இன்னைக்கு அதுல ஒருத்தரு சிரிச்சாலும் நீ இந்த வீட்டுப் படி ஏறாத."